பெண்கள் வார்டில் மாப்பிள்ளை

அவருக்குத் தெரு முழுக்கப் பெயர் மாப்பிள்ளை. உண்மையில் அவர் மாப்பிள்ளையாக இருந்தது ஒரே ஒரு மாமியாருக்குத்தான். ஆனால் அந்த மாமியார் உள்ளறையிலிருந்து "மாப்பிள்ளை" என்று கூப்பிட்டால் வாசல் வரைக்கும் கேட்கும். வீட்டின் முன்னறையில் அவருடைய மூக்குக்கண்ணாடிக் கடை. வந்து போகிறவர்கள் எல்லாரும் அந்தப் பெயரையே பிடித்துக்கொண்டார்கள். "மரை கழண்டு போச்சு மாப்பிள்ளை" என்று யாராவது வந்தால், "உங்களுக்கா, கண்ணாடிக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் கையில் வாங்குவார்.

மாமியாருக்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு மெதுவாகத் திரும்பியது, கால் திரும்பவில்லை. மகள் டாக்டர். காலையில் போனால் இருட்டிய பிறகுதான் வீடு. பார்த்துக்கொள்ள ஆள் வைத்தார்கள். ஒருத்தி போனாள், இன்னொருத்தி வந்தாள், அவளும் போனாள். ஒரு மதியம் வேலைக்கு இருந்தவள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டாள். உள்ளறையிலிருந்து வெகுநேரமாகச் சத்தமே இல்லை. அத்தை கூப்பிடாமல் இருக்கிறாரே என்றுதான் மாப்பிள்ளைக்குச் சந்தேகம் வந்தது. போய்க் கதவைத் தள்ளினார்.

"வராதீங்க மாப்பிள்ளை!" அழுகைக் குரல். படுக்கை நனைந்திருந்தது.

அத்தை அதுவரை மாப்பிள்ளை முன்னால் வாய்விட்டுக் கொட்டாவிகூட விட்டதில்லை. மாப்பிள்ளை கதவருகிலேயே நின்றார். "அத்தை, நான் கண்ணாடியைக் கழட்டி வெச்சிட்டு வர்றேன். கண்ணாடி இல்லேன்னா எனக்கு எதிர்ல ஆனை நின்னாலும் தெரியாது. உங்களுக்கே தெரியும்" என்றார்.

அப்படித்தான் போனார். தட்டுத் தடுமாறித் துணி எடுத்தார். அத்தை என்று நினைத்து முதலில் தலையணையைத் தூக்கினார். அழுதுகொண்டிருந்த அத்தை சிரித்துவிட்டார். அதற்கப்புறம் வேறு ஆள் தேடவில்லை. சில வாரங்களில் கண்ணாடியைக் கழற்றுவதும் நின்றுபோனது. காலையில் பல் துலக்கிவிடுவது, குளிப்பாட்டுவது, தலை பின்னுவது, நடுநடுவே வாடிக்கையாளருக்குக் கண்ணாடி தேய்ப்பது என்று நாள் ஓடியது. கடை வியாபாரம் கொஞ்சம் சுருங்கியது. அதை இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

மழைக்காலத்தில் அத்தைக்குச் சளி நெஞ்சில் இறங்கியது. மூச்சு இழுக்கிற சத்தம் கடை வரைக்கும் வந்தபோது அவர் கல்லாவைப் பூட்டிவிட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். கொண்டுபோய்ச் சேர்த்தது மனைவி வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியில். வேலை பார்க்கிறாள் என்றால் அங்கே அவள்தான் தலைமை மருத்துவர். வேறொரு ஆஸ்பத்திரியிலிருந்து போன மாதம்தான் வந்திருந்தாள். அவள் அறைக்கு முன்னால் சுவரில் பழைய தலைமை மருத்துவர்களின் படங்கள் வரிசையாக மாட்டியிருக்கும். எல்லாம் மீசைகள். அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் பெண் அவள்.

அவசரப் பிரிவில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. ஊசி போட்டார்கள், மூக்கில் ஆக்ஸிஜன் குழாய் வைத்தார்கள், தள்ளுகட்டிலில் பெண்கள் வார்டுக்கு அனுப்பினார்கள். மாப்பிள்ளை ஒரு கையில் அத்தையின் துணிப்பையும் இன்னொரு கையில் வெந்நீர்க் குடுவையுமாகப் பின்னாலேயே போனார். வார்டு வாசலில் காவலுக்கு இருந்த அம்மாள் கையை நீட்டி மறித்தாள்.

"ஆம்பளைங்களுக்கு சாயங்காலம்தான் பார்வை நேரம். யாராவது பொம்பளையை அனுப்புங்க."

"எங்க அத்தைம்மா. நான்தான் பாத்துக்கிறேன்."

"அத்தையா இருந்தா என்ன, யாரா இருந்தா என்ன? அங்க எழுதியிருக்கு பாருங்க."

எழுதியிருந்தது. பெண்கள் பிரிவில் துணைக்குப் பெண்கள் மட்டும். அடியில் இருந்த கையெழுத்து அவருக்கு நன்றாகத் தெரிந்த கையெழுத்து. வீட்டில் குளிர்சாதனப்பெட்டிக் கதவில் ஒட்டிவிட்டுப் போகிற சீட்டுகளில் இருக்கும் அதே கோணல்.

போன் செய்தார். அவள் உடனே எடுத்தாள். அத்தையின் காய்ச்சல், மூச்சு, எக்ஸ்ரே எல்லாம் அவளுக்கு அதற்குள் தெரிந்திருந்தது. பயப்பட ஒன்றுமில்லை என்றாள்.

"அதெல்லாம் சரி. என்னை உள்ள விட மாட்டேங்கிறாங்க."

"அது நான் போட்ட உத்தரவுங்க. வந்த முதல் வாரம் ஒரு புகார். யாரோட அண்ணனோ ஒருத்தன் பக்கத்துக் கட்டில்ல இருந்த பொண்ணை முறைச்சு முறைச்சுப் பாத்திருக்கான். பழைய விதியைத் தூசி தட்டி நான்தான் கையெழுத்துப் போட்டேன்."

"நான் யாரை முறைக்கப் போறேன்?"

"நீங்க முறைக்க மாட்டீங்க. ஆனா தலைமை டாக்டர் புருஷனுக்கு மட்டும் கதவு திறந்தா, மத்தவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது? அங்க ஆயாம்மா இருக்காங்க. ரெண்டு நாள் பொறுத்துக்குங்க."

அவள் சொன்னதில் தப்பு இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை. அதுதான் எரிச்சலாக இருந்தது.

வார்டுக்கு வெளியே தாழ்வாரத்தில் ஒரு நீள பெஞ்சு. ஏற்கெனவே அங்கே ஒரு பெயிண்டர் உட்கார்ந்திருந்தார். நகக்கண்ணில் நீலம், காதோரம் வெள்ளை. அவர் மனைவிக்கு வயிற்றில் கட்டி எடுத்திருந்தார்கள். துணைக்குப் பெண் யாரும் கிடையாது. அக்கா இல்லை, தங்கை இல்லை, பெற்றதும் இரண்டும் பையன்கள்.

"பொண்ணா பெத்திருக்கணும் அண்ணே. அப்ப யாரு யோசிச்சா?" என்றார் பெயிண்டர்.

வார்டுக் கதவில் கண்ணாடி பதித்த சின்னச் சதுரம் ஒன்று இருந்தது. அதன் வழியாகப் பார்த்தால் அத்தையின் கால்மாடு மட்டும் தெரியும். மதியம் ஆயாம்மா கஞ்சிக் கிண்ணத்தோடு போவதைப் பார்த்தார். அதே கிண்ணத்தோடு திரும்பி வருவதையும் பார்த்தார். ஆயாம்மாவைக் குற்றம் சொல்ல முடியாது. அவளுக்கு வார்டில் பாதிக் கட்டில்கள். ஒவ்வொரு வாயாக ஊட்டிவிட்டு, விழுங்குகிற வரைக்கும் காத்திருக்க அவளுக்கு ஏது நேரம்? படுக்கையில் இருப்பவருக்குப் பசியில்லை என்று எழுதிக்கொண்டு போய்விட்டாள். சாயங்காலம் பார்வை நேரத்தில் மாப்பிள்ளை உள்ளே போனபோது அத்தை ஊசி மயக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் வார்டுப் பொறுப்பிலிருந்த பெரிய சிஸ்டர் வெளியே வந்தாள். அத்தை சாப்பிட மாட்டேன் என்கிறார், ஆயா தொட்டால் உடம்பை விறைத்துக்கொள்கிறார் என்றாள். "வீட்டுல பொம்பளைங்க யாருமே இல்லையா சார்? பொண்ணு இருக்காங்கன்னு அந்தம்மாவே சொல்றாங்களே. பெத்த அம்மாவைப் பாக்க நேரமில்லாத அப்படி என்ன வேலை அவங்களுக்கு?"

"இதே கட்டடம்தான் சிஸ்டர். மேல் மாடி."

"இங்கயா? எந்தப் பிரிவு?"

"எல்லாப் பிரிவும். உங்க தலைமை டாக்டர்."

பெரிய சிஸ்டரின் முகத்தில் ரத்தம் மேலே ஏறுவதும் இறங்குவதும் தெரிந்தது. மனைவி இதை யாரிடமும் சொல்லவில்லை என்பது அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. சொல்லியிருக்கக் கூடாதோ என்று நாக்கைக் கடித்துக்கொள்வதற்குள் சிஸ்டர் கதவை அகலத் திறந்து பிடித்தாள். "ஒரு அரை மணி நேரம் போய் ஊட்டிட்டு வாங்க சார். நான் பாத்துக்கிறேன்."

பெயிண்டர் பெஞ்சிலிருந்து பாதி எழுந்தார். "எனக்கும் சிஸ்டர்?" கதவு சாத்திக்கொண்டது.

அத்தை அவரைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒரு நாள் முழுக்க வராமல் இருந்ததற்குக் கோபம். "அத்தை, வாசல்ல உங்க பொண்ணு மறிச்சுட்டா" என்று சொல்லிக்கொண்டே தலைமாட்டை உயர்த்தி, கழுத்துக்குக் கீழே துண்டை வைத்து முதல் வாயை ஊட்டினார். வாய் திறந்தது. இரண்டாவது வாய் எடுப்பதற்குள் பக்கத்துக் கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"இங்க பாருங்க அண்ணே. கொஞ்சம் வெளிய போறீங்களா?"

அது கண்டக்டரம்மா. நகரப் பேருந்தில் கண்டக்டர். நெரிசலில் கத்திக் கத்திப் பழகிய குரல். குடலில் அறுவை செய்து, பக்கத்தில் குழாயும் பையும் தொங்கின. கழுத்து வரைக்கும் போர்வையை இழுத்துப் பிடித்திருந்தாள்.

"நான் திரும்பிக்கூடப் பாக்கலைம்மா" என்றார் மாப்பிள்ளை.

"நீங்க பாக்கலை. நல்ல மனுஷன்னு மூஞ்சியிலேயே தெரியுது. ஆனா நீங்க பாக்கலைன்னு நான் பாத்துக்கிட்டே இருக்கணுமில்ல? இந்தப் பையை இப்ப மாத்தணும். இந்தச் சட்டை முன்பக்கம் முழுக்கத் திறப்பு. ஒரு புரளு புரள முடியலை என்னால."

"டாக்டருங்க ஆம்பளைங்கதானே வர்றாங்க…"

"வர்றாங்க, பாக்கறாங்க, போயிடறாங்க. நீங்க உக்காந்திருப்பீங்க. பஸ்ஸுல தினம் ஆயிரம் பேரு இடிச்சுட்டுப் போறான், கேட்டா கூட்டம்ங்கிறான். இங்கயாவது நிம்மதியாப் படுக்க விடுங்கண்ணே."

மிச்சக் கஞ்சியைச் சிஸ்டர் கையில் கொடுத்துவிட்டு வெளியே வந்தார். பெயிண்டர் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அன்று இரவு மனைவி வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுகிற வரைக்கும் காத்திருந்தார். பிறகு நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். சிஸ்டரிடம் உளறியதையும் சொன்னார். அவள் சுவரில் சாய்ந்து நின்றபடியே கேட்டாள்.

"நீ ரெண்டு நாள் லீவு போடேன்" என்றார்.

"போடலாம்."

"அப்புறம் என்ன?"

"எனக்கு அடுத்த பொறுப்புல இருக்கிற அந்தத் துணைத் தலைவர் என் நாற்காலிக்குப் பக்கத்துலயே காத்துக்கிட்டிருக்காருங்க. பொம்பளைகிட்ட குடுத்தா பாதி நாள் வீட்டு வேலைக்குப் போயிடுவான்னு வேலைக்கு எடுத்த குழுவிலேயே சொன்னவரு. முதல் மாசமே நான் அதை நிஜமாக்கணுமா?"

"முன்னாடி இருந்த டாக்டருங்களுக்கெல்லாம் அம்மா இல்லையாமா?"

"இருந்திருப்பாங்க. வீட்டுல பொண்டாட்டியும் இருந்திருப்பா."

"உனக்கும்தான் ஒருத்தன் இருக்கான்" என்றார் மாப்பிள்ளை. "நீயே வெளிய வெச்சுப் பூட்டிட்ட."

இருவருக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் சிரித்து முடித்த பிறகு அந்தப் பேச்சு அங்கேயே கிடந்தது. காலையில் அவள் புடவைக்குப் பதில் பழைய சுடிதார் ஒன்றைப் போட்டுக்கொண்டு கிளம்பினாள். லீவு போட்டிருந்தாள்.

கண்ணாடிச் சதுரத்தின் வழியாக மாப்பிள்ளையும் பெயிண்டரும் மாறி மாறிப் பார்த்தார்கள். தலைமை மருத்துவருக்கு அம்மாவைத் திருப்பிப் போடத் தெரியவில்லை. தலை பின்னத் தெரியவில்லை. வாய்க்குக் கொண்டுபோன கரண்டி தாடையில் இடித்தது. அத்தை என்னவோ திட்டுவது தெரிந்தது, கேட்கவில்லை. பெயிண்டர், "பெரிய டாக்டருங்கிறீங்க, கஞ்சி முழுக்கக் கழுத்துல போகுதே" என்றார். மாப்பிள்ளைக்குப் பாவமாக இருந்தது. அடிமனதில் கொஞ்சம் திருப்தியாகவும் இருந்தது.

மதியம் டீ குடிக்கக் கேன்டீனுக்குப் போனார். பக்கத்து மேஜையில் அலுவலக ஆட்கள் இருவர். அவர் யாரென்று அவர்களுக்குத் தெரியாது. "பாத்தியா, மாசம் முடியலை, லீவு" என்றான் ஒருவன். "துணைத் தலைவர் அப்பவே சொன்னாரில்ல?" என்றான் மற்றவன். போன தலைமை மருத்துவர் மூட்டுவலிக்கென்று மலைப்பிரதேசம் போய் ஒரு மாதம் இருந்ததையும் அவர்களே பேசினார்கள். அதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. நல்ல மனுஷன், வரும்போது எல்லோருக்கும் தேன் வாங்கிவந்தார் என்றார்கள். மாப்பிள்ளை டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

சாயங்காலம் பார்வை நேரத்தில் உள்ளே போனார். மனைவி கட்டில் விளிம்பில் வியர்த்து உட்கார்ந்திருந்தாள். கண்டக்டரம்மா ஒருக்களித்துப் படுத்து அவளுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள். மகள் என்பது தெரியும், டாக்டர் என்பது தெரியாது.

"உன்னை விட உன் வீட்டுக்காரர் கெட்டிக்காரர்மா. நேத்து ஒரே வாய் ஊட்டினாரு, பாத்தேன். நான்தான் போகச் சொன்னேன். அதுல இருந்து மனசு சரியில்லை."

"நீங்க சொன்னது சரிதாங்க" என்றாள் மகள்.

"சரிதான். இந்தக் கிழவி பட்டினி கிடக்கிறதும் சரியா? வயித்துல கட்டி எடுத்த அந்தக் கடைசிக் கட்டில் பொண்ணு புருஷனைக் கேட்டு அழுவுது. நாலு சுவத்துக்குள்ள எல்லாரையும் ஒண்ணாக் கொட்டிட்டு, ஒரே ஒரு விதி. எந்த மகராசன் மேல உக்காந்துக்கிட்டு இதுல கையெழுத்துப் போட்டானோ, அவன் ஒரு நாள் இந்த வார்டுல படுத்திருக்கானா?"

அத்தை இடது கையை மெல்லத் தூக்கி மகளைக் காட்டினார். "இவதான்" என்றார்.

கண்டக்டரம்மா மகளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு போர்வையைச் சரிசெய்துகொண்டு, "அப்ப வசதியாப் போச்சு. நேர்லயே சொல்லியாச்சு" என்றாள்.

லீவு முடிந்து வேலைக்குப் போன அன்றே மனைவி நிர்வாகக் குழுவைக் கூட்டினாள். குழுவில் அவளைத் தவிர எல்லாரும் ஆண்கள். பெண்கள் வார்டைப் பற்றிப் பேச அந்த வார்டிலிருந்தே ஒரு நோயாளியும், வெளியே காத்திருக்கும் துணையாள் ஒருவரும் வர வேண்டும் என்றாள். துணையாளாகப் போனது பெயிண்டர். மாப்பிள்ளை போகக்கூடாது என்று சொல்லிவிட்டாள், சொந்தக்காரர். ஆக வார்டுக்கும் வெளியே, கூட்டத்துக்கும் வெளியே என்று அவர் இன்னொரு பெஞ்சில் உட்கார்ந்தார். நல்லவேளை, உள்ளே போனது கண்டக்டரம்மா. சக்கர நாற்காலியில் பையோடு போனாலும் அவள் பேசியது கதவைத் தாண்டித் தெளிவாகக் கேட்டது.

துணைத் தலைவரின் குரல் முதலில். இது சொந்த விஷயம், இதற்கெல்லாம் குழு எதற்கு, நோயாளிகளை நிர்வாகத்தில் உட்கார வைக்கிற வழக்கமில்லை.

"வழக்கம் நீங்க வெச்சதுதானே சார்?" என்றது கண்டக்டரம்மாவின் குரல். "அந்தப் படுக்கையில படுக்கறது நாங்க. நீங்க இல்லை."

பெயிண்டர் பேசினார். கொஞ்சம்தான் கேட்டது. மனைவிக்குத் தண்ணீர் கொடுக்க ஒரு ஆளைத் தேடித் தெரியாத பெண்களிடம் எல்லாம் கெஞ்சியதைச் சொல்லியிருக்க வேண்டும்.

பிறகு கண்டக்டரம்மா. "எனக்கு ஆம்பளை வேண்டாம். அந்தப் பொண்ணுக்கு அவ புருஷன் வேணும். ரெண்டு பேரும் காசு குடுத்துத்தான் ஏறியிருக்கோம். பஸ்ஸுல நான் பிரிச்சு உக்கார வைக்கலையா? ஜன்னல் பக்கம் பாதியைப் பொம்பளைங்களுக்கு மட்டும்னு வைங்க. மறு பாதியில கட்டிலுக்குக் கட்டில் திரை போடுங்க. அங்க யாரு துணைக்கு வரணும்னு படுத்திருக்கிறவ சொல்லட்டும். வாசல்ல இருக்கிறவங்க சொல்ல வேண்டாம்."

திரைக்கு நிதி இல்லை என்றது ஒரு குரல். துணி எவ்வளவு ஆகிவிடும் என்றது இன்னொன்று. முணுமுணுப்புகளுக்குப் பிறகு தீர்மானம் நிறைவேறியது. ஒரே ஒரு ஓட்டு வித்தியாசம். துணைத் தலைவர் எதிர்த்தார். தலைமை மருத்துவர் ஓட்டுப் போடவில்லை.

தீர்மானம் ஆனது போல வேலை ஆகவில்லை. முதலில் கம்பிகள் வந்தன. திரை வரவில்லை. திரைத்துணிக்கு யார் கையெழுத்திடுவது என்று மேஜைக்கு மேஜை போய்க்கொண்டிருந்தது. அதற்குள் அத்தைக்குக் காய்ச்சல் விட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் இருந்த மிச்ச நாட்களில் மகள் காலையிலும் இரவிலும் கீழே இறங்கி வந்து ஊட்டினாள். கரண்டி இடிப்பது குறைந்திருந்தது. பெயிண்டர் மட்டும் காத்திருக்கவில்லை. தன்னுடைய போர்வையைக் கொண்டுவந்து கம்பியில் கட்டி, அதற்குப் பின்னால் மனைவி பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். பெரிய சிஸ்டர் பார்த்தும் பார்க்காமல் போனாள். அடுத்த நாள் இன்னும் இரண்டு போர்வைகள் தொங்கின.

துணைத் தலைவர் இன்னமும் பக்கத்து நாற்காலியில்தான் இருக்கிறார். லீவைப் பற்றிய பேச்சும் ஓயவில்லை. ஆனால் நோயாளி ஒருவரும் துணையாள் ஒருவரும் மாதம் ஒருமுறை குழுவில் உட்கார வேண்டும் என்பது நிலைத்துவிட்டது. முதல் ஆள் கண்டக்டரம்மா. பை எடுத்த பிறகும் வருகிறாள், வேலை நேரத்தை மாற்றிக்கொண்டு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவி அம்மாவைக் குளிப்பாட்டித் தலை துவட்டிக்கொண்டிருந்தாள். இனி ஞாயிறு தன் முறை என்று அவளாகவே சொல்லியிருந்தாள். மாப்பிள்ளை வாசற்படியில் நின்று பார்த்தார்.

"ஒண்ணு கேக்கணும். அன்னிக்கு ஓட்டுப் போட்டிருந்தா எந்தப் பக்கம் போட்டிருப்பே?"

அவள் துண்டை உதறினாள். "நான் அங்க படுத்திருந்தா ஆம்பளையே வேண்டாம்ங்கிற கண்டக்டரம்மா பக்கம். அம்மாவுக்குப் பொண்ணா நின்னா உங்க பக்கம். டாக்டரா உக்காந்தா எந்தப் பக்கம் கட்டில் காலியோ அந்தப் பக்கம்."

"முடிவா?"

"முடிவாத் தெரியலை. அதனாலதான் போடலை."

அத்தைக்கு இந்தப் பேச்சில் சலிப்புத் தட்டியது. காது பக்கம் இன்னும் ஈரம் இருக்கிறது, நன்றாகத் துவட்டு என்றார். மகள் துவட்டினாள். போதாது என்றார். மறுபடியும் துவட்டினாள்.